கோயம்புத்தூர் லாட்ஜ் பில்

— இந்தக் கிரெடிட் கார்டு ஒங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. வருசத்துக்கு அஞ்சாயிரம் ஃபீஸ் புடிச்சிட்டு, ஏர்போர்ட்ல சும்மா உக்காந்து சாப்பிடலாம்னு போட்டுருக்கான். நீங்க என்ன ஏரோபிளேன்லயா போயி பாக்கிங் மெஷின் ரிப்பேர் பாக்கீங்க?

— கோவில்பட்டியில இருந்து எந்த ஏரோபிளேன் கெளம்புது? பஸ்ஸும் ரயிலுந்தான். பேங்க்ல இருந்து போன் பண்ணுன பொண்ணு இனிக்க இனிக்கப் பேசுச்சு, அஃப்ஷான். நானும் சரி சரின்னுட்டேன்.

— கையெழுத்துப் போடலல்ல?

— போடல. கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல நீ இருக்கைல, உங்கிட்டக் கேக்காமப் போட்டுருவனா? பாவம், சாப்பாட்டு நேரத்துல வந்து ஒன்னத் தொந்தரவு பண்ணுதேன்.

— தொந்தரவெல்லாம் இல்ல. எங்க வாப்பாவுக்கும் நாந்தான் கார்டு பாத்து எடுத்துக் குடுத்தேன். இருங்க, மொதல்ல இதச் சொல்லுங்க. மாசத்துல எத்தன தடவ வெளியூரு?

— எல்லாம் ஒன் மேசையில இருக்க பில்லுலயே இருக்கே, தாயி.

— இருக்கட்டும். ஒங்க வாயால சொல்லுங்க.

— கோயம்புத்தூரு ரெண்டு தடவ. ஓசூரு ஒரு தடவ. எப்பவாச்சும் ஐதராபாத்து. போன தடவ அங்கன ஒரு பல்சக்கரம் ஒடஞ்சு அஞ்சு நாளு மாட்டிக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்ட காசு போட்டுவிடச் சொல்லி, அவ சீட்டுக்கு வச்சிருந்ததப் போட்டுவிட்டா. இன்னும் அதச் சொல்லிக் காட்டுதா.

— அதுக்குத்தான் கார்டு. இப்ப கவனமாக் கேளுங்க. நம்ம கம்பெனியில அஞ்சாந்தேதிக்குள்ள பில்லக் குடுத்தா, இருவத்தஞ்சாந்தேதி காசு ஏறும். இந்த மாசம் எட்டாந்தேதி நீங்க ஒரு லாட்ஜுல தங்குதீங்க. காசு எப்ப வரும்?

— அடுத்த மாசம் இருவத்தஞ்சு. ஒன்றரை மாசம்.

— அதுவரைக்கும் கார்டுக்காரன் பொறுக்கணும். ஏழாந்தேதி பில்லு போட்டு, இருவத்தேழுக்குள்ள கட்டுன்னு சொல்லுத கார்டு வேணும். இருவத்தஞ்சுல கம்பெனி காசு வந்துரும், மறுநாளே கட்டிரலாம். வட்டி ஒரு பைசா கெடையாது.

— அவன் பாட்டுக்கு வேற தேதியப் போட்டுட்டான்னா?

— கேட்டு மாத்திக்கலாம், மாத்திக் குடுப்பான். ஆனா ஆறு, ஏழு, அந்த ரெண்டு நாளு மட்டும் கார்ட வெளிய எடுக்காதீங்க. அன்னைக்குத் தேய்ச்சா அந்த மாசமே கட்டச் சொல்லுவான். கம்பெனி காசு அடுத்த மாசந்தான்.

— ஆத்தாடி! அந்தப் பேங்க் பொண்ணு இதெல்லாம் வாயத் தொறக்கலியே.

— அவ எதுக்குத் தொறப்பா? இன்னொண்ணு. ஏடிஎம்ல சொருகிப் பணம் எடுத்துராதீங்க, எடுத்த அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும். கொறஞ்சது இம்புட்டுக் கட்டினாப் போதும்னு கீழ ஒரு தொகை போட்டுருப்பான். அத நம்பாதீங்க, முழுசாக் கட்டுங்க.

— வீட்டுக்குக் கறி வாங்க, புள்ளைக்கு ஃபீஸ் கட்ட...

— கூடவே கூடாது. கம்பெனி வேலைக்குன்னு தனியா ஒரு கார்டு, அம்புட்டுதான். கறியும் லாட்ஜும் ஒரே தாள்ல வந்தா நீங்களும் கொழம்புவீங்க, நானும் கொழம்புவேன்.

— சரிதான். அப்ப எந்தக் கார்ட எடுக்க?

— இந்தா, இது. வருச ஃபீஸ் கெடையாது. கியூஆர் அட்டைய ஸ்கேன் பண்ணியும் கட்டலாம். சின்ன லாட்ஜுலயெல்லாம் கார்டு தேய்க்க மெஷின் வச்சிருக்க மாட்டான், அதுக்கு இதுதான் தோது. லிமிட்டு எம்புட்டுன்னு கேட்டுருக்கான். ஓசூருக்கு ரெண்டு ராத்திரி போடட்டுமா?

— போடு. கோயம்புத்தூருக்கு ஆறு ராத்திரி சேத்துக்க.

— எது?

— கோயம்புத்தூரு. தடவைக்கு மூணு ராத்திரி, ரெண்டு தடவ. ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு கேக்கான்.

— இருங்க அண்ணாச்சி. ரெண்டு வருசமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். ஓசூருக்கு ஒங்க லாட்ஜ் பில்லு வருது, ஐதராபாத்துக்கு வருது. நெறையப் போறது கோயம்புத்தூருக்குத்தான், அங்க இருந்து ஒரு பில்லுகூட வந்ததில்ல. பஸ் டிக்கெட்டு, ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு, முடிஞ்சது. இத்தன நாளா எங்கன படுத்தீங்க?

— கம்பெனிக்கு மிச்சந்தான? ஒனக்கென்ன நட்டம்?

— கம்பெனிக்கு மிச்சம். எனக்குத் தூக்கம் வரணும்ல? மேனேஜர்கூட ஒரு நா கேட்டாரு, "செல்வக்குமாரு நெசமாவே அங்க போறாரா?"ன்னு. மெஷின் வச்சிருக்க பார்ட்டி கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டினேன்.

— அடப்பாவி மனுசா! அப்படியா கேட்டாரு?

— ரயில்வே ஸ்டேஷன்லயா படுக்கீங்க?

— ச்சே, ச்சே.

— பார்ட்டியோட குடோன்லயா?

— விட மாட்ட நீ. வெளிய சொல்லிராத. எங்க அண்ணன் வீட்டுல.

— ஒங்களுக்கு அண்ணன் இருக்காரா? நான் வேலைக்கு வந்து நாலு வருசமாச்சு, ஒரு நாகூடச் சொன்னதில்ல!

— சொல்ல முடியாது, கேட்டியா. மாயகிருஷ்ணன்னு பேரு. அங்க ஒரு மில்லுல ஃபிட்டரு. ராதாமணின்னு ஒரு நர்ஸக் கட்டிக்கிட்டாரு, அவிய வேற சாதி. எங்க அம்மா ஊருல, பசுவந்தனையில, வீட்டு வாசல்ல நின்னு, "இனி அவன் பேர இந்த வீட்டுல எவனும் எடுக்கப்படாது"ன்னா. பதினோரு வருசம். எடுக்கலியே.

— நீங்க மட்டும் போயிட்டு வந்தீங்க.

— பின்ன? கூடப் பொறந்தவன்லா? அம்மாகிட்ட கம்பெனி லாட்ஜுன்னு சொல்லிருவேன். அண்ணன் மகளுக்கு ஒம்போது வயசு. இந்தக் கதையக் கேட்டுட்டு அது என்னைய "லாட்ஜு சித்தப்பா"ன்னுதான் கூப்புடும்.

— நல்ல புள்ள! இப்ப என்னாச்சு, அண்ணனோட சண்டையா?

— அண்ணனோட என்ன சண்ட? அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு.

— யாரு சொல்லிக் குடுத்தது?

— என் சட்டதான். மதினி எப்பவும் துவைச்சுத் தேய்ச்சு மடிச்சுக் குடுப்பாவ. அந்தத் தடவ கழுத்துப் பட்டன் அந்துருந்துச்சு, புதுசா ஒண்ணு தச்சும் விட்டுருக்காவ. நான் கவனிக்கல. அம்மா பையத் தொறந்து சட்டைய எடுத்தா. பட்டனத் தடவித் தடவிப் பாத்தா. "ஏலே, எந்த லாட்ஜுக்காரன் பட்டன் தச்சுக் குடுக்கான்?"னு கேட்டா.

— அல்லாவே! நீங்க?

— பொய்யி வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— திட்டினாங்களா?

— திட்டியிருந்தா நல்லாருக்கும். மூணு நாளு காலையில ஆட்டப் பத்திக்கிட்டுக் கரிசக்காட்டுக்குப் போவா, பொழுதுசாய வருவா. சோத்தப் போட்டுட்டு மொகத்தத் திருப்பிக்கிடுவா. நாலா நாளு, ஆட்ட மாமன் வீட்டுல விட்டுட்டு வந்து, "அவன் அட்ரஸ எழுதிக் குடு"ன்னா.

— எதுக்கு? சண்ட போடவா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். கூட வாரேன்னேன், வேண்டாம்னுட்டா. இங்கன ஸ்டேஷன்ல நாந்தான் ரயில் ஏத்திவிட்டேன். மதினிக்குப் போன் பண்ணி, "அம்மா வாரா, என்ன பேசினாலும் பொறுத்துக்கிடுங்க"ன்னு கெஞ்சுனேன்.

— போயி என்ன பேசுனாங்க?

— அது எனக்குத் தெரியாது. மதினியும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு நா கழிச்சு அண்ணன் போன் பண்ணுனாரு. கொரலே சரியில்ல, அழுத மாதிரி இருந்துச்சு. "ஏலே, இனி நீ வந்தா இங்கன படுக்க எடமில்ல, லாட்ஜப் பாத்துக்க"ன்னாரு. போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜுலதான் கெடந்தேன்.

— ஐயோ அண்ணாச்சி! இருந்த ஒரு ஒட்டுறவையும் அம்மா போயி அறுத்து விட்டுட்டாங்களே! நான் இதப் போயி நோண்டி நோண்டிக் கேட்டுருக்கப்படாது. பதினோரு வருசம் கழிச்சும் ஒரு தாய்க்கு மனசு எறங்கலன்னா...

— நீ எதுக்குட்டி கண்ணக் கசக்குத? அந்த வீட்டுல கூடுதலா இருக்கது ஒரே ஒரு கட்டிலு, அதுல எங்க அம்மா பேத்தியக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்குதா, ஒரு மாசமா ஊருக்கு வாரேன்னே சொல்ல மாட்டேங்கா!