பதினொரு கிலோ

பிள்ளைகளே, ஓடிக்கொண்டிருக்கிறேன். தோளில் மூட்டை. பின்னால் செல், எறிகணை, கூவிக்கொண்டு வருகிறது. பிறகு சத்தம் நிற்கிறது. ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சை எனக்குத் தெரியும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது நான். விழுந்தேன். மூட்டை எனக்குக் கீழே.

ஒருவரும் சாகவில்லை. இது ஜெர்மனியில், டோர்ட்மண்டில், மூடிப்போன சுரங்கமொன்றின் முற்றம். காலை பத்து மணி. சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. அராம் அண்ணையின் படப்பிடிப்பு.

அவர் ஆர்மேனியர். சண்டையில் ஊரைவிட்டு வந்தவர். இங்கே தியேட்டர் கூட்டித் துடைத்தார். எங்கள் கல்யாணவீடுகளுக்கு வீடியோ எடுத்தார். அங்கேதான் பழக்கம். "இஞ்சை பாருங்கோ, சிரியுங்கோ." அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அப்படியே இருந்து மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் சனம் எதையாவது தூக்கிக்கொண்டு நடக்கும். வெறும் பெட்டி கொடுக்கமாட்டார். ஓடிவந்தவன் அன்று தூக்கிய பாரத்தையே படத்திலும் தூக்கவேண்டும்.

இது நாலாவது. அவருக்கு ஈரலில் புற்றுநோய். கடைசிப் படம் என்று தெரிந்தே எடுத்தார்.

"நீர் என்ன தூக்கினீர்?" ஜெர்மனில் கேட்டார்.

"அரிசி. பதினொரு கிலோ."

"உங்கடை வீடுகளில ஐஞ்சு கிலோப் பை பாத்திருக்கிறன். பத்து, இருபது பாத்திருக்கிறன். பதினொண்டு எந்தக் கடையில?"

நான் சாக்கை நீட்டினேன். பதினொரு கிலோ நிறுத்துத் தந்தார்.

இப்போது முற்றத்தில் என்னால் எழும்ப முடியவில்லை. அவர் தடியூன்றி வந்தார். பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அரிசி இல்லை, என்ன?"

"இல்லை அண்ணை. மகள்."

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாள். நிலா. மூன்று வயது. ஊரில் கடைசிச் சண்டை, பட்டினி. ஆசுபத்திரிக் கூடாரத்தில் அவளைத் தராசில் நிறுத்தார்கள். பதினொரு கிலோ. அதற்கு நாலாம் நாள் காலை செல். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவள்மேல் விழுந்து படுத்தேன். நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை. புதைக்க நேரமில்லை. கடற்கரை மணலில் விட்டேன். உங்கள் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். உங்களுக்குச் சொல்ல இவ்வளவு காலம் எனக்கு ஏலாமல் போனது.

அராம் அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நான் அம்மாவை விட்டிட்டு வந்தன். அவவுக்கு நடக்க ஏலாது. எனக்குத் தூக்க ஏலாது."

பிறகு கேட்டார். "இப்ப எடுத்த இந்த ஷொட்டை அழிக்கட்டோ?"

"வேண்டாம். இருக்கட்டும்."

இரண்டு மாதத்தில் போய்விட்டார். படம் முடியவில்லை.

எழுதி வைக்கிறேன். அராம் அண்ணை. அவருடைய அம்மா. நிலா. முடியாத ஒரு படம். அதற்குள் நான் ஓடுகிறேன், விழுகிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள். பகல். நீங்கள் பள்ளிக்கூடத்தில். எங்கள் கட்டடத்து நிலவறையில், படப்பிடிப்பு நாளில் நான் கொண்டுவந்து போட்ட அந்த மூட்டை கிடந்தது. எடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறவேண்டும். தோளில் வைக்கவில்லை. இடுப்பில் வைத்தேன். மேல்நுனி சரியாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஏறினேன்.