புகை படாத ரீடிங்

அக்கா, சாப்ட்டேன். ரமணாசிரமத்தாண்ட ஒரு ரூம் எடுத்திருக்கேன். பக்கத்து ரூம் வெள்ளைக்காரரு காலையில இருந்து கண்ண மூடி உக்காந்திருக்காரு, சத்தமே இல்ல. வாயால சொல்லி போன்ல எழுத வைக்கிறேன். நாளைக்கு மாமா காரியத்துக்கு நான் கீழ்பென்னாத்தூர் வரமாட்டேன். ஏன்னு சொல்லிட்றேன், முழுசா படி.

மலேசியா காட்டுல என் வேலை என்னான்னு உனக்கு சரியா சொன்னதே இல்ல. மரத்துக்கெல்லாம் மேல நிக்கிற டவர்ல ஒரு மிஷின். காத்துல ஓசோன் எவ்ளோன்னு அளக்கும். வண்டிப் புகை பட்டா ஓசோன் அங்கயே அழிஞ்சிடும், நம்பர் பொத்துனு விழும். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் கெடாத ரீடிங் ஒரே ஒரு நாள் வேணும். ரொம்ப நாளா அது எனக்கு கிடைக்கவே இல்ல. நீ கேட்டதாலதான் மாமாவ அங்க சமையலுக்கு சேத்துவிட்டேன். ஒரு நாள் ஜெனரேட்டர் போட்டு சட்னி அரைச்சாரு. இன்னொரு நாள் கருவாடு வறுக்க விறகு மூட்டினாரு. கேட்டா, "காத்த அளக்கறதுக்கு ஃபிளைட்டு ஏறி வந்த ஒரே ஆளு என் மச்சான்தான்"னு எல்லார்கிட்டயும் சொல்லி சிரிப்பாரு. இன்னொரு தடவ ரீடிங் கெட்டா ரெண்டு பேரும் ஊருக்கு கிளம்புங்கன்னுட்டாரு மேனேஜரு.

அன்னைக்கு மத்தவங்கெல்லாம் டவுனுக்கு போயிட்டாங்க. நம்பர் அழகா ஏறிட்டு இருந்துச்சு. மதியம் மாமா நொண்டிக்கிட்டே வந்தாரு.

"மச்சான், பாம்பு கடிச்சிடுச்சு. வண்டிய எடு."

ஜீப்பு டவருக்கு கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. சாவி என் பாக்கெட்ல. காட்டுல போன் எடுக்காது, டவுனுக்கு போனாதான் ஆஸ்பத்திரி.

கால்ல கட்டு போட்டேன், தண்ணி குடுத்தேன். யோசிச்சுதான் செஞ்சேன் அக்கா. எல்லா பாம்புக்கும் விஷம் இருக்காது. வேலை போனா அவருக்கும்தான் போகும்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?"ன்னாரு.

"பொழுது சாயட்டும் மாமா. நம்பர் நல்லா வருது."

"சரி மச்சான்"னாரு. அப்புறம் அவருக்கு நாக்கு குழறிடுச்சு.

ரீடிங் முடிஞ்சதும் வண்டிய எடுத்தேன். திருப்புன உடனே ஸ்டார்ட் ஆச்சு. ஸ்டார்ட் ஆகலன்னு உங்ககிட்ட சொன்னது பொய். பாதி வழியிலயே மாமாவுக்கு மூச்சு நின்னுடுச்சு.

மாமாவ வச்ச பொட்டியோட நான் வந்தப்ப நீ என் கைய புடிச்சிக்கிட்டு, "கடைசி வரைக்கும் நீயாவது கூட இருந்தியேடா"ன்ன. கூடதான் இருந்தேன்.

இன்னைக்கு ஆபீஸ்ல இருந்து அன்னைக்கு காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுங்கற கணக்க அனுப்பினாங்க. பாத்ததுல இருந்து எரிச்சல் அடங்கல. நாள் பூரா காத்து டவர்ல இருந்து ஜீப்பு பக்கம்தான் அடிச்சிருக்கு. புகை டவர் பக்கமே வந்திருக்காது. அன்னைக்கு நான் அத பாக்கல, ஓசோன் நம்பரத்தான் பாத்துட்டு இருந்தேன்.

வண்டிய அப்பவே எடுத்திருக்கலாம் அக்கா. ஒண்ணும் ஆகியிருக்காது.

ரீடிங்கத்தான் சொல்றேன்.