ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே

டீ நன்றாக இருக்கிறது சார். எஸ்.ஐ. ஒருவர் டீ வாங்கித் தந்தார் என்று நகரியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கோவர்த்தனன் என் மனைவி தேவசேனாவின் அண்ணன். வீடும் விசைத்தறிகளும் அவருடையவை. ஹால் மட்டும் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மனுஷர். தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியதால் காது பாதிதான் கேட்கும். எதையும் முழுசாகத் திருகிவிட்டுத்தான் கேட்பார். சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் கத்தவிட்டால் ஸ்பீக்கர்தான் கருகும். என் முதல் ஜோடி அப்படித்தான் போனது. "சவுண்டு வந்துகினுதான் இருந்துச்சு மாப்ளே, அதுவா நின்னுபூட்ச்சு" என்றார். நான் கோபப்படவில்லை.

அடுத்த செட்டைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். எனக்கும் தேவசேனாவுக்கும் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பார்த்தேன். கனத்த ஒலியில் ஸ்பீக்கர் ஓர் இடத்தில் கைவிட்டுவிடும். அங்கே சப்வூஃபர், அதாவது பேஸ் பெட்டி, பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஓட்டை விழக் கூடாது. எனக்கு விழுந்தது. அதை அடைக்கத்தான் மாதக்கணக்கில் மெனக்கெட்டேன்.

கோவர்த்தனனுக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலரை ஆம்ப்ளிஃபயர் மேல்தான் வைப்பார். சூடு வெளியேறும் துளையை அடைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன ஞாயிறு காலையில், "நாளிக்கி ஹால்ல ரெண்டு தறி எறக்கறேன். உன் டப்பாவையெல்லாம் புத்தூர் பந்தல்காரன் வந்து எட்துக்கினு பூடுவான்" என்றார். சொல்லிவிட்டு, ஹாலை ஒட்டிய நூல் அறைக்குள் போய் மூட்டை கட்ட ஆரம்பித்தார். தேவசேனா திருச்சானூர் கோயிலுக்குப் போயிருந்தாள்.

பந்தல்காரனிடம் போவதற்குள் ஒருமுறையாவது சரியாகப் பொருத்திக் கேட்க வேண்டாமா சார்?

நூல் அறைக் கதவு, பேஸ் வந்தால் தடதடவென்று ஆடும். அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். துளையை அடைத்துக்கொண்டிருந்த இன்ஹேலரை எடுத்து ஜன்னலில் வைத்தேன். ஒலிக்காக யாரும் செய்வதுதான்.

பஞ்சுத் தூசி அவருக்கு ஆகாது. தெரியும்.

சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று உங்கள் ரைட்டரிடம் முதலில் சொன்னேன். அது எனக்கே அவமானமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஃபேன் முனகுவதைக் கண்டுபிடிக்கிற காது இது. கேட்டது. "மாப்ளே, கதவத் தொற, மூச்சு முட்து" என்றதும் கேட்டது. பிறகு பேச்சு நின்று, கதவைக் குத்துவது மட்டும் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குத்து சரியாக நான் சொன்ன அந்த ஒலி ஓட்டையில்தான் விழுந்தது. பாட்டு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். சப்வூஃபரின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓரிடத்தில் குத்து காணாமல் போயிற்று. ஓட்டையும் அடைபட்டது. இத்தனை மாதமாக நான் தேடிய இடம் அது சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிந்ததும் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பாட்டை அலறவிட்டேன் என்று எதிர்வீட்டு சந்திரம்மா சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் என்றைக்கும் அளவோடுதான் வைப்பேன்.