சுவருக்கு அந்தப் பக்கத்துக் கம்பி

ஹலோ... ஆமா, முனீஸ்வரி சவுண்ட் சர்வீஸ்தான். சொல்லுங்க யேசுதாஸ் சார்... ஆமா, ஆமா, நீங்க அனுப்புன லெட்டர் வந்துச்சு... படிச்சேன்... இல்ல, கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன்.

கோவப்படாதீங்க. காது மந்தமானவங்களுக்குன்னு உங்க சபையில நான் போட்டுக் குடுத்த செட்டைப் பத்தி, "மேற்படி கருவியில் இல்லாத குரல்கள் கேட்கும்"னு நீங்களே டைப் அடிச்சிருக்கீங்க. என் கடைத் தாள்ல, நான் உங்க சபைக்குப் பேயை வித்தேன்னு நானே எழுதணுமாக்கும்...

ம்... ம்... சார், ஆனிமேரி டீச்சருக்குக் காதுதான் மந்தம். புத்தி நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஹால்ல கண்ணை மூடி ஜெபத்துல இருந்தாங்க. காது மிஷின்ல பக்கத்துக் கமிட்டி ரூம் பேச்சு வந்துச்சு. சபை ஸ்கூல் கணக்கு வாத்தியார் வேலையை, இன்டர்வியூ வைக்கிறதுக்கு முன்னாடியே உங்க தம்பி மகன் ஜூடுக்குன்னு கமிட்டித் தலைவரா நீங்க முடிச்சிட்டீங்க. அதை வெளிய சொன்னாங்க. நாளைக்கு மீட்டிங்ல, மிஷின்ல வந்த இல்லாத குரலை நெசம்னு நம்பிப் புரளி கிளப்புனாங்கன்னு அவங்களைக் கமிட்டியை விட்டுத் தூக்கணும். அதுக்குத்தான இந்த லெட்டர்?

...சரி, நான் வாய அடக்குறேன். நீங்க கேளுங்க.

...எப்படி வருமா? ஹால்ல ஒண்ணு, கமிட்டி ரூம்ல ஒண்ணுன்னு தரைக்கடியில சுத்திக் கம்பி வளையம் போட்டேன்ல. நீங்க மைக்குல பேசப் பேச அதுல கரண்டு ஏறி இறங்கும். காது மிஷினுக்குள்ள மிளகு அளவுல இன்னொரு கம்பிச் சுருள் இருக்கு. இதுல ஏறி இறங்குனா அதுல தானா கரண்டு பொறக்கும்... இல்ல சார், ரெண்டுக்கும் நடுவுல ஒட்டே வேணாம். செங்கச் சுவர்லாம் அதுக்குக் கணக்கே இல்ல... கேக்கும். நீங்க பேசினாக் கேக்கும். பேசாம இருந்தா ஒண்ணும் பொறக்காது. அது சொந்தமாக் கதை கட்டாது.

தப்பு யாரு மேலயா? அப்ப அதையும் பேசிருவோம். ரெண்டு வளையமும் ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கம் ஒட்டி இருக்கக் கூடாது, கமிட்டி ரூம்ல எட்டடி தள்ளிப் போடணும்னு சொன்னேனா இல்லையா? உங்க அப்பா பேர் வெட்டின தரைக்கல்லை ஒடைக்க விட மாட்டேன்னு குறுக்க நின்னது யாரு? ...ம், அதான்.

...டி. கல்லுப்பட்டில புதுசா கட்டுற ஹாலுக்குச் சவுண்ட் வேலையா? எனக்கேவா? சார், துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசுற மண்டியில வளந்தவ நான். பேரம்னா தூக்கத்துலகூட எந்திரிச்சு உக்காருவேன். ஆனா சரக்கு நல்லா இருக்கும்போது சொத்தைன்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யாவாரம் பண்றது?

...தரையில போட்ட வளையத்தைக் கழட்டிருவீங்களா? கழட்டுங்க, எனக்கென்ன. அதுக்கு முந்தி ஒரு விசயம். அன்னைக்கு ஹால்ல மிஷின் மாட்டி இருந்தது டீச்சர் மட்டும் இல்ல. ஒம்போது பேரு... ஆமா, ஒம்போது. காலையில இருந்து ஒவ்வொருத்தரா போன் பண்றாங்க. சத்தம் தெளிவா இருக்காம், யாரு சொன்னாலும் வளையத்தை எடுக்கக் கூடாதாம்.

...பேரா? எல்லாம் எதுக்கு, ஒண்ணு சொல்றேன். பாண்டீஸ்வரி ஜெபமணி... ஆமா சார், உங்க மாமியார்தான். நாளைக்கு டீச்சரை மீட்டிங்குக்கு ஆட்டோ வச்சுக் கூட்டியாரப் போறதே அவங்கதானாம்...

ஹலோ?

...வச்சிட்டாரு.