முகவரியின் வால்

ஐயா, என் பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு மவுசையும் தினமும் துடைத்து வைப்பேன். நேரு வீதியில் வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது, விசாரித்துப் பாருங்கள்.

அந்தத் தேடல் பக்கத்தை எழுதியதும் நான்தான். கடலில் காணாமற்போய் வெளிநாட்டுச் சிறைகளில் மாட்டிக்கொண்ட மீனவர்களின் பெயர்களை ஒரு தொண்டு நிறுவனம் சேர்த்து வைத்திருந்தது. வீட்டார் தேடிக் கண்டுபிடித்து, ரேஷன் கார்டைக் காட்டினால்தான் விடுதலைக்கு மனு போகும். சும்மாவே செய்துகொடுத்தேன். சால்வைகூடப் போர்த்தினார்கள்.

சுத்தமான வேலை, ஐயா. பெயர், ஊர், வருடம் என்று ஒன்றின் வாலில் அடுத்ததைக் கோத்துக்கொண்டே போகலாம். திரையின் மேலே உள்ள முகவரியில், கேள்விக்குறிக்குப் பின்னால், கோத்ததெல்லாம் ஒழுங்காக வந்து நிற்கும். எத்தனை கோத்தாலும் முன்னால் இருப்பது கெடாது. மற்றவர்கள் எழுதுகிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மீன் விற்பனை மந்தமான செவ்வாய்க்கிழமைகளில் வைத்திக்குப்பத்திலிருந்து தேவிப்பிரியா வருவாள். 2006 ஐப்பசியில் தனியாகப் படகெடுத்துப் போய்க் காற்றில் சிக்கிய கணவன் முத்துவேலைத் தேடி. கூடையை வாசலில் வைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் மவுசைத் தொடுவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை, இப்போதும் பிடிக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

ஒருநாள் பட்டியலில் முத்துவேல் வந்தான். போட்டோவில் துரும்பாக இளைத்திருந்தான், ஆனால் உயிரோடுதான் இருந்தான். பட்டியலில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை, அது அடுத்தவர் சொத்து. வைத்திக்குப்பம் முத்துவேலை யாராவது தேடினால் மட்டும், அவனுடைய பதிவைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு துண்டு முகவரியின் கடைசியில் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி செய்தேன். மற்ற யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கனகசெட்டிக்குளத்துக்காரர் ஒருவர் இதே பக்கத்தால் வீடு திரும்பினார். அவர் மனைவி எனக்கு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

தேவிப்பிரியாவுக்கு வாராவாரம் ‘பதிவு இல்லை’ என்று வரும். அழுவாள். தண்ணீர் கொடுப்பேன். மனசு மாறட்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். பத்தாவது படித்தவள், கப்பென்று பிடித்துக்கொண்டாள். முகவரியைக் காட்டி, இது பெயர், இது ஊர், வேண்டாததை எடுத்துவிடலாம் என்று விளக்கினேன். நான் எழுதியதை அவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை, ஐயா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன செவ்வாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரு இருக்குது, ஊரு இருக்குது, வருசம் இருக்குது. கடேசில இது இன்னாண்ணா?”

“அது சும்மா. விடும்மா.”

“சும்மாதானே, எடுத்துடறேன்.”

வாலை அழித்துவிட்டு எண்டரைத் தட்டினாள்.

முத்துவேலின் போட்டோ வந்தது. போன மாதம் சிறையில் காய்ச்சலில் இறந்தான், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டான் என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே, உறவினர் எவரும் தேடவில்லை என்று ஒரு வரி.

“எப்பலேர்ந்துண்ணா இவரு இதுல இருக்காரு?” என்று கேட்டாள். ஒரு வருடமாக என்று சொன்னேன். அவளிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசி வரியை மட்டும் தொண்டு நிறுவனத்தாரைத் திருத்தச் சொல்லுங்கள், ஐயா. அது அநியாயம். ஒரு வாரம்கூட விடாமல் அவள் தேடினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், நானே சாட்சி.