ஒரு சொட்டு தரமாட்டோம்

அக்கா: …முதல்ல உக்காருடா. மூணு மாடி ஏறி மூச்சு வாங்குற. இந்தா, தண்ணி குடி.

தம்பி: வேண்டாம்க்கா. உங்க நகரத்துத் தண்ணி என் தொண்டையில இறங்காது.

அக்கா: ஆமா, போராட்டக்குழுத் தலைவர் இல்ல? மறந்தே போயிட்டேன்.

தம்பி: கிண்டலா? நம்ம வாய்க்காலை அடைச்சு, குழாய் போட்டு இங்க கொண்டு வந்துட்டாங்க. நீங்க அதுல கார் கழுவுறீங்க.

அக்கா: எங்ககிட்ட ஏதுடா கார்?

தம்பி: கீழ் வீட்டுக்காரன் கழுவுறானே. டயருக்கு சோப்பு வேற. அங்க உன் பங்கு வயல் வெடிச்சுக் கிடக்கு.

அக்கா: கிணத்துல இறைச்சுப் பாய்ச்சுறதுதானே…

தம்பி: கிணறா… அதுவும் வத்திப்போச்சு. மோட்டாரைப் போட்டா வெறும் காத்துதான் வருது.

அக்கா: அடப்பாவமே. அப்பா வெட்டினது. எந்தக் கோடையிலயும் வத்தினதில்லையே.

தம்பி: காலம் கெட்டுப்போச்சு. அதான் ஊர்க்கூட்டத்துல எல்லாரையும் சத்தியம் பண்ண வச்சேன். நகரத்துக்குத் தண்ணி ஏத்துற லாரிக்காரனுக்கு எவனும் ஒரு சொட்டு தரக்கூடாதுன்னு.

அக்கா: மீறினா?

தம்பி: ஊருல ஒருத்தன் அவன் வாசப்படி மிதிக்கமாட்டான். நான்தான் சொன்னேன்.

அக்கா: நல்லாச் சொன்ன. அது சரி, இடுப்புல என்னடா புடைச்சுக்கிட்டு நிக்குது?

தம்பி: அது… வீட்டுச் சாவி.

அக்கா: வீட்டுக்கு எப்ப கோட்டைக் கதவு போட்ட? சரி, ஒரு வாய் குடி. குடி முழுகிடாது.

தம்பி: உனக்காக… ம்.

அக்கா: எப்படி?

தம்பி: நல்லாத்தான் இருக்கு.

அக்கா: எந்த ஊருத் தண்ணின்னு தெரியுதா?

தம்பி: எனக்கெப்படித் தெரியும்… வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க பாரு.

வாட்ச்மேன்: அம்மா… தண்ணி லாரி காலியா வந்து நிக்குது. உங்க தம்பி கிணத்து மோட்டார் ரூம் சாவியை இடுப்புலயே சொருகிட்டு வந்துட்டாராம். லோடு நிரப்ப முடியலன்னு டிரைவர் கத்துறாரு.

அக்கா: வீட்டுச் சாவி.

தம்பி: அக்கா, ஊர்ல மட்டும் சொல்லிடாத. மானம் போயிடும். வாய்க்கால் போனப்புறம் பயிர் எப்படியும் காயத்தான் போகுதுன்னு… இரு, நான் இங்க இருக்கேன்னு அந்த டிரைவருக்கு யார் சொன்னது?

அக்கா: நான்தான். சாவியைக் குடுத்தனுப்பு. இந்த பில்டிங்குக்கு லாரி சொல்றதே நான்தானேடா. மத்த கிணறெல்லாம் உப்பு, அப்பா கிணத்துத் தண்ணிதான் வேணும்னு அவனை உன்கிட்ட அனுப்பினதும் நான்தான்.