அண்ணனின் லேப்டாப்பை விற்ற விவரம்

பழைய லேப்டாப்பை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதைப் போல வீண் வேலை வேறில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். மாதத்துக்கு மாதம் விலை இறங்கும், பேட்டரி உப்பும், கடைசியில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. விற்பதென்றால் நன்றாக ஓடும்போதே விற்றுவிட வேண்டும். என் டிரைவிங் ஸ்கூல் கார்களையும் அப்படித்தான் மாற்றுவேன். ஆனாலும் இதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று மூன்று வாரம் யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தியதில்லை. மூளையில் ரத்தம் கசிந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல், தலையாட்டவும் முடியாமல், பேச்சும் போய் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரை வீட்டுக்கு அழைத்துவந்தவன் நான். அவருக்கும் குடும்பம் கிடையாது, எனக்கும் கிடையாது. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று முன்னறையிலேயே கட்டில் போட்டேன். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாத ஆள் இல்லை. எதிர்வீட்டுக்காரர் தன் இரண்டு மகன்களையும் கூட்டிவந்து என்னைக் காட்டினார்.

லேப்டாப் அண்ணனுடையதுதான், மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதன்மேல் ஒரு கேமராவைப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். திரையில் இருக்கும் எழுத்தை அவர் உற்றுப் பார்த்தால் போதும், அது பதிவாகும். எழுத்தெழுத்தாகச் சேர்த்து முடித்ததும் லேப்டாப் அதை வாய்விட்டுப் படிக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். செய்தி வாசிப்பதுபோல ஒரு பெண்குரல். அவர் முதன்முதலில் சொன்னது, "டீயில் சர்க்கரை குறைவு." தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். தப்பைக் கண்டால் அவருக்குச் சும்மா இருக்க வராது. ஒருநாள் எதிர்வீட்டுக்காரரிடம், "காலைல அண்ணனைக் குளிப்பாட்டி உட்கார வச்சிட்டுத்தான் எனக்குக் காப்பியே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய் முடிந்து, அவர் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அந்தப் பெண்குரல் சொன்னது: "குளித்து ஒன்பது நாள் ஆகிறது."

என் மானம் கப்பலேறியது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டுப் போனார். நான் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏண்ணா, வந்தவங்க முன்னாடி இப்படியா என் மூக்கை உடைக்கிறது?" ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "பத்து நாள். எண்ணியதில் பிழை."

அதற்குப் பிறகு யார் வந்தாலும் இதே கதைதான். நான் ஒன்று சொல்வேன், அவர் கண் திரையில் மேயத் தொடங்கும். என் பேச்சும் தடுமாறும். சொந்த வீட்டில், சொந்த அண்ணனுக்குச் செய்வதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?

வாரம் ஒருமுறை பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். உங்களிடம் புகார் கொடுத்தவள்தான். ஒருநாள் அவளுக்கு டீ எடுத்துக்கொண்டு வருகிறேன், உள்ளே அந்தக் குரல் கேட்கிறது: "என்னை வேறு எங்காவது சேர்த்துவிடு, அம்மா." அவள் மெதுவாக, "விசாரிக்கிறேன் சார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாள். டீயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

நீங்களே சொல்லுங்கள். அண்ணனை யாரோ கொண்டுபோய்விட்டால் அந்தக் கட்டில் காலியாகிவிடும். வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வேன்? கார் கற்றுக்கொள்பவர் தடம் மாறினால் மிதிக்க, என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதைக் கொடுமை என்று யாரும் சொல்வதில்லை. விற்றுவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். வாங்க வந்த கல்லூரிப் பெண், "இந்த கேமரா எதுக்கு சார்?" என்று கேட்டாள். "தேவையில்லாததும்மா" என்று கழற்றிக் குப்பையில் போட்டேன்.

அதன்பிறகு வீடு அமைதியானது. நான் பேசினேன், எல்லோரும் கேட்டார்கள். அலுப்பாக இருக்கிறது என்று அண்ணனே லேப்டாப்பை வேண்டாம் என்றதாகப் பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். நாலாம் நாள் அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. "பாருங்க, தம்பிமேல இருக்கிற பாசத்துல அழறார்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

பதினோராம் நாள் பிசியோதெரபிப் பெண் வந்து, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறதே என்று அண்ணனின் வாயைத் திறந்து பார்த்தாள். கடைவாய்ப் பல் அழுகி, சீழ் தாடைக்குள் இறங்கியிருந்தது. அனலாகக் காய்ச்சல். ஒரு வாரமாவது உயிர்போகிற வலி இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். இருந்திருக்கலாம். பல் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனா? நான் என்ன ஜோசியக்காரனா?

பிழைப்பாரா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார்கள். பிழைக்க வேண்டும் மேடம். அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆமாம், நான்தான் விற்றேன். அது போனால் அவரால் பேச முடியாது என்று தெரிந்தேதான் விற்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய சம்மதம் இல்லாமல் விற்றேன் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பது அபாண்டம். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்த கையோடு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன். "அண்ணா, இதை வித்துடப் போறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க." ஐந்து நிமிடம் அல்ல, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.